மூன்றரை றாத்தல் இழுப்பு

ஒரு மனுசன் தன்னுடைய சொந்த வேட்டைத் துவக்கின் ட்ரிகரை மாற்றுவதா விடுவதா என்று யோசிக்கிறான். அதற்கு ஊர் முழுக்கத் திரண்டு வந்து புத்தி சொல்ல வேண்டுமா? கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், ரொக்ஸ்பரோ என்ற இடத்தில், தியாகராசாவின் வீட்டில் பத்து மாதமாக இதே பாடுதான். மனுசனுக்கு இரத்தக்கொதிப்பு வராததுதான் அதிசயம்.

முதலில் மனைவி யோகராணி. புது ட்ரிகர் தபாலில் வந்த சின்னப் பெட்டி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அதைக் கண்டாலே அவவுக்குப் பத்திக்கொண்டு வரும். "இஞ்சாருங்கோ, ஒண்டில் பூட்டுங்கோ, இல்லையெண்டால் குப்பையில போடுங்கோ. சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில துவக்குச் சாமான் வைச்சுச் சாப்பிடுற வீடு கனடாவிலயே இது ஒண்டுதான்."

பிறகு மகன் தனோஜன். தமிழில் அரைவாசி, பிரெஞ்சில் அரைவாசி பேசுகிறவன், தகப்பனைப் பகிடி பண்ண மட்டும் முழுத் தமிழையும் எடுத்துவிடுவான். "அப்பா, ட்ரிகர் மாத்துறதெண்டால் மானுக்கும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, அதுகள் பயப்பிடாமல் வந்து நிக்கும்." தாயும் மகனும் சேர்ந்து சிரிப்பார்கள். தியாகராசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

எல்லாரையும் விட மோசம் எமிலியானுஸ். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறவர், பழைய சிநேகிதர், வாழ்நாளில் துவக்கைத் தொட்டும் பார்த்திராதவர். ஆனால் யூடியூப் என்று ஒன்று இருக்கிறதே! கிழமைக்கு மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிடுவார். "அண்ணை, ட்ரிகர் இறுக்கமெண்டால் இழுக்கேக்க குழல் ஆடுமாம். இழுக்கிற பாரத்தை ரெண்டு றாத்தலுக்கு இறக்குங்கோ." அடுத்த கிழமை அதே வாய் வேறு கதை சொல்லும். "அண்ணை, இறக்கிப்போடாதேங்கோ. குளிருக்குள்ள கையுறையோட தொட்டாலே வெடிச்சிடுமாம். பக்கத்தில நிக்கிறவன்ரை உயிர் போயிடும்." அட, ஒன்றைச் சொல்லித் தொலையுமன் ஐயா!

இத்தனை பேர் கதைத்தார்களே, அந்த மனுசன் ஏன் ஒரு இரும்புத் துண்டோடு இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று ஒருவராவது கேட்டார்களா? இல்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

சென்-லோரோன் பக்கத்தில் யன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்கிற ரெஜான் "வேட்டைக்கு வாறியா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டான். இவர் அதை நெஞ்சில் எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் பாடம் படித்து, சோதனை எழுதி, பாஸ் பண்ணி, துவக்கு வாங்கி வந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் தமிழன் அவர் ஒருத்தர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமை, ஏன் இருக்கக்கூடாது? இத்தனை வருடத்தில் இரண்டு மான் விழுத்தியிருக்கிறார். மற்ற வருடங்களில் வெடி காற்றோடு போகும், மானும் தன்பாட்டில் போகும், ஒருவருக்கும் நட்டமில்லை.

போன நவம்பர் அப்படியில்லை. வீட்டில் வந்து வழக்கம்போலத் தவறிப்போச்சு என்றுதான் சொன்னார். பொய். வெடி பட்டது. நாற்பது அடி தூரத்தில் பக்கவாட்டில் நின்ற மானுக்கு, நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட்டது. அது கூனிக் குறுகி ஒரு தரம் துள்ளிவிட்டு ஓடியது. அவரும் ரெஜானும் இரண்டு நாள் இரத்தத் துளிகளின் பின்னால் அலைந்தார்கள். ஒரு சதுப்பு நிலத்தோடு இரத்தம் நின்றுபோனது. மானைக் காணவேயில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம்தான். இனி ஒரு உயிரை அப்படி அரைகுறையாக விடக்கூடாது. பிழை ட்ரிகரில் என்றால் அதை மாற்றிப்போட்டுப் போகலாம். பிழை தன்னில் என்றால் துவக்கைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எது என்று தெரியாமல் எப்படிப் பெட்டியைத் திறப்பது? அதைத்தான் இந்த வீட்டுச் சனம் இழுபறி என்று சொல்லிச் சிரித்தது.

செப்டெம்பர் கடைசியில் பொறுமை கெட்டுப்போய், பெட்டியையும் துவக்கையும் காரில் வைத்துக்கொண்டு வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினார். துவக்குத் திருத்துகிற மார்செல் என்ற கிழவரின் பட்டறை அங்கேதான். கிழவர் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. துவக்கு வெறுமையா என்று பார்த்து, ட்ரிகரில் ஒரு சின்னத் தராசைக் கொழுவி இழுத்தார். மூன்று தரம் இழுத்தார், மூன்று தரமும் மூன்றரை றாத்தல்.

"இதில என்ன குறை?" என்றார் கிழவர் பிரெஞ்சில். "வேட்டைத் துவக்குக்கு இதுதான் அளவு."

"சுடேக்க ஆடுது. போன நவம்பர் ஒரு மானுக்கு வயித்தில பட்டிட்டுது."

பட்டறைக்குப் பின்னால் சுட்டுப் பழகுகிற இடம். கிழவர் ஐந்து வெடி வைத்தார். அட்டையில் ஐந்து துளையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியது. பிறகு தியாகராசாவை வைக்கச் சொன்னார். அவருடைய ஐந்தும் கொஞ்சம் பரவலாக, ஆனால் மோசமில்லாமல் விழுந்தன. கிழவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"துவக்கும் சரி, நீயும் சரி. பிறகு ஏன் என்ரை நேரத்தை வீணாக்கிறாய்? அந்த மானைச் சுட்ட நாள் என்ன நடந்தது? முதல் நாள் குடிச்சியோ?"

"குடிக்கிறேல்லை."

"காலமை என்ன சாப்பிட்டாய்?"

தியாகராசா அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். என்ன சாப்பிட்டார்? ஒன்றுமில்லை. அன்று கந்தசஷ்டியின் நாலாம் நாள். விரதம் தொடங்கிய அன்றே சென்-ரெஜிஸ் முருகன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போனவர். ஒரு நாளைக்கு ஒரு நேரம், அதுவும் ஒரு கோப்பைப் பாலும் ஒரு வாழைப்பழமும். கனடாவுக்கு வந்த நாள் முதல் ஒரு சஷ்டியும் விட்டதில்லை. வேட்டைக்கான லீவோ மே மாதமே கூட்டாளிகளோடு சேர்ந்து எழுதிக் கொடுத்தது, மாற்ற முடியாது. இரண்டும் ஒரே கிழமையில் வந்து விழுந்தால் மனுசன் என்ன செய்வான்? ஆறு நாளும் மச்சம் மாமிசம் வாயில் படக்கூடாது, அவ்வளவுதானே? மானைச் சுட்டுக் குளிர்ப்பெட்டியில் போட்டுவிட்டுப் பாறணைக்குப் பிறகு சமைத்தால் விரதம் எங்கே முறிகிறது? இப்படி ஒரு சட்டத்தைத் தானே எழுதித் தானே கையெழுத்தும் வைத்துக்கொண்டு, உறைபனிக்குள் வெறும் வயிற்றோடு விடியற்காலையிலிருந்து குந்தியிருந்தார். கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தார்.

இதைத் தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் சொல்லி முடித்தபோது கிழவர் தலையில் கை வைத்தார்.

"பட்டினி கிடக்கிறதெண்டால் வீட்டில கிட. வேட்டைக்கு வாறதெண்டால் தின்னுபோட்டு வா. நாலு நாள் சாப்பிடாத மனுசன்ரை கைக்கு நான் எந்த ட்ரிகரைப் பூட்ட?"

தியாகராசா வீட்டுக்கு வந்தபோது யோகராணி கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தா. துவக்கை பேஸ்மென்டில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியோடு குசினிக்குள் வந்தார்.

"மாத்தியாச்சோ?"

"இல்லை. திருப்பி அனுப்பப் போறன்."

அகப்பை சட்டியில் ணங்கென்று விழுந்தது. "பத்து மாசம்! பத்து மாசமா இந்தச் சனியனுக்கு முன்னால இருந்து சோறு திண்டனான். இப்ப திருப்பி அனுப்பப் போறாராம்! உங்களுக்கு என்னப்பா விசரோ? ஒரு மான் தவறினதுக்கு..."

"தவறேல்லை."

"என்ன?"

"தவறேல்லை, யோகம். பட்டது. வயித்தில பட்டது. அதோட ஓடிட்டுது. ரெண்டு நாள் தேடினம், கிடைக்கேல்லை."

யோகராணி அடுப்பை நிறுத்தினா. "செத்திருக்குமோ?" என்றா.

"செத்திருக்கும். உடன செத்திருக்காது." பெட்டியை மேசையில் வைத்தார். "ட்ரிகர்ல பிழையில்லை. நான் சாப்பிடாமல் போய் நடுக்கத்தோட சுட்டது."

அவ கதிரையை இழுத்து இருந்தா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"உங்களோட நானும்தானே காப்புக் கட்டினனான்," என்றா. "தனோஜன் பகிடி பண்ணுறான், நானும் சேர்ந்து சிரிக்கிறன், ஆனால் வெறுங்கையோட நீங்கள் வாற முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் முருகனிட்டை வேறை ஒண்டும் கேக்கேல்லை. இந்த மனுசனுக்கு இந்த முறை எண்டாலும் ஒரு மானைக் காட்டப்பா எண்டுதான் கேட்டனான்."

தியாகராசா நின்றபடியே அவவைப் பார்த்தார்.

"காட்டினவர், யோகம்," என்றார். "நாற்பது அடியில கொண்டுவந்து விட்டவர்."