பரலுக்குள் அடித்த போன்

சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாட்டில் கீறி, நீலப் பிளாஸ்டிக் பரலின் மூடியைச் சுற்றி மூன்று தரம் இழுத்துக் கட்டுகிறார் மக்டலின். பிறகு பரலைச் சரித்து, காலால் தள்ளித் தள்ளிக் கடல்நீர்க் களப்பின் கரைக்கு உருட்டிப் போகிறார். முழங்கால் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் பக்கத்தில் காவல் நிற்கிறார். கரையேற்றித் திறந்து, அடியில் போட்டுவைத்த பழந்துணியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். துணி காய்ந்தபடியே இருக்கிறது. “சரி. இந்த முறையும் பிழையில்லை,” என்று பரலிடமே சொல்கிறார். சொல்ல வேறு ஆளில்லை.

அறுபத்து மூன்று வயது. மாம்புரியில் களப்பை ஒட்டிய தகரக் கொட்டிலில் தனியே இருக்கிறார். கருவாடு போடுவது தொழில். ஐப்பசியில் வெயில் மறைந்தால் தொழிலும் மறைந்துவிடும். அதன்பின் முழுநேர வேலை புயலை எதிர்பார்த்திருப்பதுதான். கூரைத் தகரத்தின்மேல் பழைய வலையைப் போர்த்தி, நான்கு மூலையிலும் மணல் மூட்டை தொங்கவிடுவார். வானொலியில் காலநிலை அறிக்கை வாசிப்பவருக்கு, “ஓம், ஓம், விளங்குது. கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி,” என்று பதில் சொல்வார்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் அலைந்து, கணவரோடு இங்கே வந்து சேர்ந்தவர். மூன்று தரம் ஓடினார். மூன்று தரமும் பத்திரங்கள் தொலைந்தன. அதற்குப் பிறகுதான் இந்தப் பரல். குடும்பத்தில் எவரும் சண்டையில் சாகவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள். கணவர் நெஞ்சு வருத்தத்தில் போனார். தமையன் வயதுபோய்ச் செத்தார். பிள்ளையில்லை. “ஒவ்வொருத்தரா, தங்கட பாட்டிலை போயிற்றினம்,” என்கிறார், பஸ் பிடித்துப் போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

பரலுக்குள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கிளினிக் கொப்பி, இரண்டு சட்டை, தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவில் வாங்கிய மெழுகுதிரி. வெளியே வெள்ளைப் பெயின்ரில் ஒரு தொலைபேசி எண். பரல் தொலைந்தால் எடுப்பவர் அழைக்கட்டும் என்பதற்காக.

கடந்த கார்த்திகையில் புயல் வந்த நாள், பிற்பகல் ஒரு மணிக்கே அவரது பட்டன் போனுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. சிங்களத்தில் வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வழக்கமாக வாசித்துச் சொல்லும் கடைக்கார ஜபார் அன்று கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அனுப்பியவர்களின் பதிவேட்டில் மக்டலின் ‘எச்சரிக்கப்பட்டவர்’. உயிர் காக்கும் செய்தியை ஒருவருக்கு விளங்காத மொழியில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவுவதற்குப் பெயர் நிர்வாகம். கரையைத் தாங்கி நின்ற கண்டல் மரங்களைப் பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் இறால் பண்ணைக்காக வெட்டித் தள்ளியபோதும் இதே நிர்வாகம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் கொட்டிலுக்குள் ஏறியது. ஊரில் இன்றைக்கும் அதை ஆண்டவரின் சோதனை என்கிறார்கள். ஆண்டவர் கண்டல் வெட்டியதை எவரும் கண்டதில்லை.

மக்டலின் பதறவில்லை. எல்லாவற்றையும் பரலுக்குள் வைத்து, மூடியை இறுக்கி, தென்னையோடு கட்டினார். மழையில் நனைந்துவிடும் என்று போனையும் உள்ளேயே போட்டார். நெஞ்சளவு தண்ணீரில் வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

அங்கே ஈரப் பாவாடையோடு சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் ஒடுங்கி இருந்தவரிடம், பதிவு எடுக்கும் அதிகாரிப் பெண் படிவத்தோடு வந்தார். அவசரத்தில் அறிவிக்க வேண்டியவர் யார் என்று கேட்டார். மக்டலின் ஒரு நம்பர் சொன்னார்.

“இது ஆற்ற நம்பர் அம்மா?”

“என்ரை.”

“உங்கட இல்ல அம்மா. உங்களுக்கு ஒண்டு நடந்தா நாங்க ஆருக்குச் சொல்லுற?”

மக்டலின் யோசித்துப் பார்த்தார். “எனக்கே சொல்லுங்கோவன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரிப் பெண் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார். சிரிப்பை மக்டலின் மறந்துவிட்டார். கோட்டை மறக்கவில்லை. “அடிமட்டம் வைச்சு இழுத்தவ,” என்று, கதை கேட்கப் போன எனக்கு இப்போதும் விரலால் காற்றில் இழுத்துக் காட்டுகிறார்.

அந்த இரவே தென்னை முறிந்து, கயிறு கழன்று, பரல் களப்பில் போய்விட்டது. நான்காம் நாள், அக்கரை உப்பளத்தில் உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்த தில்லையடி ஸலாஹுதீன், சேற்றில் செருகி நின்ற பரலைக் கண்டார். அதிலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினார். பரல் மணியடித்தது.

கிளினிக் கொப்பியில் ஊரைப் பார்த்து, ஒரு லொறியில் பரலை ஏற்றிக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“பரலுக்குள்ள ஆள் ஈக்கெண்டு நெனச்சிட்டேன் அக்கா! ரெண்டு எட்டுப் பின்னுக்குப் பாஞ்சி, கட்டின வரம்பையும் ஒடச்சிட்டேன்.”

“நான் உள்ளுக்கை இருந்திருந்தால் எடுத்துக் கதைச்சிருப்பன்தானே, தம்பி.”

“ஒங்கட நம்பரையே எழுதி, போனையும் உள்ள போட்டா ஆரக்கா எடுக்குற?”

“எனக்குப் பாடமான நம்பர் அது ஒண்டுதான்.”

ஸலாஹுதீனின் சிரிப்பு நின்றுவிட்டது. கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பரலைத் திருப்பிக் கொண்டுவந்தவர் புனித அன்னம்மாள்தான் என்று அயலவர்கள் சொன்னார்கள். உள்ளே மெழுகுதிரி இருந்ததே! பரலுக்குள் அடைபட்ட காற்றையும் வெளியே வீசிய வடமேல் காற்றையும் விளக்கிச் சொல்லத் தயாராக இருந்த எனக்கு வேலை வரவில்லை. “அன்னம்மாள் வந்து மூடி இறுக்கேல்லை,” என்று மக்டலினே முடித்துவிட்டார். “நான்தான் இறுக்கினனான்.”

இப்போது ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, பின்னட்டையைப் பார்த்து எண்களை அழுத்தி, ஒரு மணியோடு துண்டிக்கிறார். ஸலாஹுதீன் திருப்பி எடுக்கிறார். நான் இருந்த அன்று கேட்டது இவ்வளவுதான்:

“என்னக்கா, பரல் ஓடிட்டா?”

“இல்லைத் தம்பி, நிக்குது. நம்பர் வேலை செய்யுதோ எண்டு பார்த்தனான்.”

“செய்யும், செய்யும்.”

அவ்வளவோடு முடிந்தது. அதன்பின்னும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.

இந்த ஐப்பசியில் படிவம் மறுபடி வந்தது. அறிவிக்க வேண்டியவர் என்ற கட்டத்துக்கு மக்டலின் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். இந்தமுறை வந்த அதிகாரி கேட்டார்: “என்ன முறை?”

“முறை எண்டு ஒண்டுமில்லை. பரலை எடுத்துத் தந்தவர்.”

“அப்பிடிப் போடேலாது அம்மா. சொந்தக்காரராயிருக்கோணும்.”

நான்கு நாள் தேடாத அரசாங்கம், தேடி வந்தவரிடம் இரத்த உறவுக்குச் சான்று கேட்கிறது. பொய்யாக ஒரு முறை சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார்கள். மக்டலின் சொல்லவில்லை. மறுபடியும் கோடு.

படிவம் போன பிறகு பெயின்ர் பேணியைத் திறந்தார். பரலில் முறை கேட்கும் கட்டம் கிடையாது. பழைய எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு, கொப்பியை மடியில் விரித்து, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் எழுதினார். பெயின்ர் காயும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து ஈ விரட்டினார். மிஞ்சிய தென்னையோடு பரலைக் கட்டினார். எண் ஒழுங்கைப் பாதையைப் பார்த்து நின்றது. போகிற வருகிற எவர் கண்ணிலும் படும் இடம்.

கொட்டிலுக்குள் போய்ப் பாயில் சரிந்து, வாசல் வழியே பார்த்தார்; பரலின் எழுதாத பக்கம்தான் தெரிந்தது. எழும்பி வந்து கயிற்றைத் தளர்த்தினார். பரலைக் கட்டிப்பிடித்து, எண் தன் வாசலைப் பார்க்கும்வரை மெல்லத் திருப்பி, மறுபடி இறுக்கிக் கட்டினார்.