குகைக்கு வந்த மூச்சு

சத்தக்காரருக்கு வேலை, கம்ப்யூட்டர் கேமுக்குச் சத்தம் போடுறது. சண்டை, பாட்டெல்லாம் வேற ஆளு. இவருக்கு ஒதுக்கினது இருட்டுக் குகை. விளையாடுறவன் தீப்பந்தத்தோட உள்ள போனா எங்கயோ என்னமோ முனகணும், அவன் வந்த வழியே திரும்பி ஓடணும். அவ்வளவுதான் உத்தியோகம். பொண்ணு எடுத்த வீட்டுல மட்டும் ஒலி இயக்குநர்னு சொல்லி வச்சிருந்தாரு.

டயர் கடைக்கு மேல மாடியில ஆபீஸ். கீழ ஒரு சக்கரத்தைக் கழட்டினா மேல இவரு ரெக்கார்டிங் காலி. அதனால முக்கால்வாசி வேலை வீட்டுலதான். ஈரத்துணியை மைக்குப் பக்கத்துல முறுக்குவாரு, காலி டிரம்முக்குள்ள தலையை விட்டு ஊளையிடுவாரு. சம்சாரம் முதல்ல பயந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. யாராவது தேடி வந்தா, அவரு ஆபீஸ் வேலையா இருக்காருன்னு டிரம்மைக் காட்டும்.

முதலாளிக்கு எதுவும் பிடிக்கல. ஊளையைக் கேட்டுட்டு, நாய்க்கு வயித்துவலியான்னாரு. தண்ணி சொட்டுறதைக் கேட்டுட்டு பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாரு. ஒருநாள் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள குகையில பயம் வரலைன்னா நீங்க வர வேண்டாம்னுட்டாரு.

வேலை போனா சோத்துக்குப் பஞ்சமில்ல. அதுதான் பிரச்சனையே. மச்சான் ஆணி, பூட்டு விக்கிற கடை வச்சிருந்தாரு. அங்க ஒரு ஸ்டூல் இவருக்காகவே காலியா கிடந்துச்சு. பார்க்கிறப்பெல்லாம், "மாப்ள, சத்தம் போட்டு என்னத்தைக் கண்டீங்க? கடைக்கு வந்து சத்தமில்லாம உக்காருங்க"ம்பாரு. அதுக்குக் குகையிலயே குடியிருக்கலாம்னு இவருக்குத் தோணும்.

திட்டு வாங்கினப்ப சட்டைப் பையில ரெக்கார்டர் ஓடிக்கிட்டே இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தாரு. அழிக்கப் போனவரு சும்மா கேட்டுப் பார்த்தாரு. முதலாளி திட்டுறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு இழுப்பு இழுப்பாரு, ஒரு ஓட்டையில விசிலடிக்கும். அப்புறம் பல்லிடுக்குல ஒரு 'ட்ச்'. கடைசியா தொண்டைக்குள்ள பாறாங்கல்லை உருட்டுற மாதிரி ஒரு 'ம்ம்ம்'. அது வந்தப்ப நம்ம ஆளு சொந்த வீட்டு நாற்காலியிலேர்ந்து எழுந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாரு.

"என்னங்க, யாரு வந்திருக்கா?"ன்னு சம்சாரம் கேட்டுச்சு.

"குகை வந்திருச்சு"ன்னாரு.

மூச்சோட வேகத்தைப் பாதியா இறக்கி, எதிரொலி ஏத்தி, வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போனாரு. எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டாங்க. திரையில இருட்டு. இழுப்பு வந்துச்சு. படம் வரையிற பொண்ணு செல்போனை மேஜைக்கு அடியில ஒளிச்சுச்சு. 'ட்ச்' வந்தப்ப கணக்குப்பிள்ளை டீயை மடியில கொட்டிக்கிட்டு துடைக்கக்கூட இல்ல. 'ம்ம்ம்' வந்தப்ப, புரோகிராம் எழுதுறவன் யாரும் கேக்காமலே, முடிஞ்சிருச்சு சார், அனுப்பப் போறேன்னான்.

அசையாம இருந்தது முதலாளி ஒருத்தர்தான். இதுல பயப்பட என்ன இருக்குன்னு அவருக்கு விளங்கல, தூக்கம் வர்ற மாதிரி சுகமா இருக்குன்னாரு. ஆனாலும் மத்தவங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்துட்டு, சந்தேகத்தோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு.

திங்கக்கிழமை வாயெல்லாம் பல்லா வந்தாரு.

"பிள்ளைங்க டிவியை அணைச்சிட்டுப் புத்தகத்தை எடுத்துருச்சுங்கய்யா. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், அதுங்க வாசலைப் பார்த்து நடுங்குதுங்க. எங்க புடிச்சீங்க இதை?"

சத்தக்காரர், ஆளில்லாத பங்களா ஒண்ணு இருக்கு சார்னு அவுத்து விட்டாரு. முதலாளி வேலையை அங்கயே நிரந்தரமாக்கினாரு. கூடவே, அடுத்த கேம் முழுக்கக் குகைதான், எல்லாத்துக்கும் அதே பங்களாவுல புதுசு புதுசா புடிச்சிட்டு வாங்கன்னுட்டாரு.

மச்சான் கடை ஸ்டூலுக்கு வேற ஆளு வந்தாச்சு. நம்ம ஆளு இப்ப வாரத்துக்கு ஒரு தப்பு யோசிச்சுச் செஞ்சு, பையில ரெக்கார்டரை ஓட விட்டு, தானா போய் முதலாளி முன்னாடி நிக்கிறாரு. சின்னத் தப்புக்கு வெறும் 'ட்ச்'தான் கிடைக்குது. 'ம்ம்ம்' வேணும்னா பெருசா ஏதாவது கெடுத்தாகணும்.