மகாராணிக்கு ஒரு சாய்தளம்

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவருக்கு அட்டைப்பெட்டி டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்ததுதான், அவர் முதுகுக்குப் பின்னால் கணவரும் தலைமையாசிரியரும்கூட அப்படித்தான் சொன்னார்கள். அந்த வீட்டில் புதுச் செருப்பு வாங்கினால் செருப்பு வீட்டுக்கும் பெட்டி பள்ளிக்கூடத்துக்கும் போகும். கோணம் என்றால் அட்டையில் கூரை கட்டு, விகிதம் என்றால் கப்பி கட்டி வாளியைத் தூக்கு. கையால் செய்து பார்க்காத கணக்கு பாதிக் கணக்கு என்பது டீச்சரின் கட்சி. வகுப்பில் பசை படாத பொருளே இல்லை. ஒருமுறை வருகைப் பதிவேடு மேசையோடு ஒட்டிக்கொண்டு பக்கம் திரும்ப மறுத்ததில், அன்று லீவு போட்ட ஒருவன் வருஷம் முழுக்க லீவில் இருந்ததாக ஆகிவிட்டது. அவன் எதிரில் உட்கார்ந்து சத்தியம் செய்தும் பயனில்லை.

அந்த வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண்ணுக்கு மகாராணி என்று பெயர். "உங்களுக்கெல்லாம் பெஞ்சு, எனக்கு மட்டும் சிம்மாசனம்" என்று அவளாகவே சூட்டிக்கொண்டது. அட்டை வெட்டினால் இம்மி பிசகாத கை. நாக்கு மட்டும் அரம்.

ஒன்பதாம் வகுப்பு கீழ்த்தளம், பத்தாம் வகுப்பு மாடி. சிக்கல் அங்கேதான். அவள் அம்மா தையல்காரி. வீட்டு வாசல் படியில் நாற்காலியை ஏற்றி இறக்கியே இடுப்பு விட்டுப்போனவள். மாடிக்கு நாலு பேர் தூக்கிப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"அந்தப் பேச்சே வேணாம்," என்றாள் மகாராணி. "நான் என்ன கேஸ் சிலிண்டரா?"

டீச்சருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இதுக்கு ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? இது கணக்குதானே. நாமளே சாய்தளம் வரைஞ்சு குடுப்போம்."

சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. எதற்கு இவ்வளவு, குறைக்கலாமே என்றது வகுப்பு. செய்து பாருங்கள் என்றார் டீச்சர். அட்டையில் மூன்று சாய்வுகள், பருப்புப் பை ஏற்றிய குட்டி வண்டி, அதை இழுக்க ஒரு வில் தராசு. முதல் சரிவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. நீளத்தைப் பாதியாக்கியதும் தராசு முள் ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கியது. இன்னும் குறைத்ததும் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து பருப்பு சிதறியது.

"ஐயோ, மகாராணி விழுந்துட்டாங்க," என்றான் ஒருவன்.

"தேர் கவுந்தா தேரோட்டிக்குத்தான் தண்டனை. பொறுக்குடா," என்றாள் மகாராணி.

விதி விதிதான் என்று தீர்ந்தது. மாடியிலிருந்து கயிறு விட்டு உயரம் அளந்தார்கள், பன்னிரண்டடி. பெருக்கிச் சொன்னவள் மகாராணி. நூற்று நாற்பத்து நான்கடிக் கயிற்றைத் தரையில் நீட்டிக்கொண்டே போனதில் முற்றம் முடிந்தது, கேட் முடிந்தது, கயிற்று நுனி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றது.

"நல்லதாப் போச்சு டீச்சர். மேலேர்ந்து உருண்டா நேரா பஸ்லயே ஏறிடலாம். யாராவது டிக்கெட் மட்டும் எடுத்து வைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு அந்தப் பெருக்கலை மறுபடி போட்டுப் பார்த்தார். பிள்ளை போட்ட கணக்கில் தப்பு இருக்கக்கூடாதா என்று அவர் ஏங்கியது அன்றுதான். தப்பு இல்லை. பாம்பு மாதிரி மடித்தால் முற்றத்துக்குள் அடங்கியது. ஆனால் முற்றத்தில் அப்புறம் ஒரு காக்கை நிற்கக்கூட இடம் இல்லை.

மாதிரியைப் பார்த்த தலைமையாசிரியர், "ரொம்ப அழகா இருக்கு டீச்சர். பசங்க எங்க நிப்பாங்க?" என்றார்.

"அப்ப பத்தாவதைக் கீழ கொண்டு வந்துடலாமே சார்."

"அடுத்த வருஷம் கீழ முழுக்கக் குட்டிப் பசங்க. அவங்கள மேல அனுப்பவா? படிக் கைப்பிடியே அவங்க தலைக்கு மேல இருக்கு. மேலிடத்துல லிஃப்ட்கூடக் கேட்டுட்டேன். ஒரு பிள்ளைக்காகவான்னாங்க."

அவர் நல்ல மனிதர். அதுதான் வினை; மனம் விட்டுத் திட்டக்கூட வழியில்லை. அந்த மாதிரியை அவரே கண்காட்சிக்கு அனுப்பினார். முதல் பரிசு வந்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலமாரி மாடியில் இருந்தது.

"கீழ வைக்கலாமே சார்?"

"அலமாரி அங்கதானே டீச்சர் இருக்கு," என்றார் அவர், பெருமை மாறாமல்.

கோடை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று தையல்காரி டிசி வாங்க வந்தாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இப்ப சேக்கப் போற ஸ்கூலுக்கு மாடியே கிடையாது." அவள் வண்டி பிடிக்கத் தெருவுக்குப் போனாள். டீச்சரும் மகாராணியும் வாசல் நிழலில் இருந்தார்கள்.

"அங்க கணக்கெல்லாம் போர்டுலயேதான் போடுவாங்களாம்."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்மா," என்றார் டீச்சர். வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மகாராணி சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினாள். "டீச்சர், என் விடை சரிதானே?"

"சரிதான்டா. நானும் போட்டுப் பார்த்தேன்."

"இல்ல, நான் எங்கயாவது தப்பு விட்டதாலதான் கட்டலையோன்னு நெனச்சேன்."

மணி அடித்தது. மாடியில் பத்தாம் வகுப்பு டீச்சருக்காகக் காத்திருந்தது.