கடலுக்கு ஏசி போட்டவர்

ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் அதன் விலாவில் காதை வைத்துவிடுவார். கேஸ் போயிருச்சு, ஒயர் போயிருச்சு என்று வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர் ஒரு விரலை உயர்த்துவார், பேச்சு நின்றுவிடும். கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, கன்னம் தகரத்தில் அழுந்த நிற்கிற மனிதரைப் பார்த்தால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, "ஒண்ணுமில்லை, மூச்சு முட்டுது. செவுத்தோட ஒட்டி வச்சிருக்கீங்க. உங்க மூக்கை ஒருத்தன் செவுத்துல அமுக்கிப் பிடிச்சா நீங்க எப்படி இருப்பீங்க?" என்பார். பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அவருக்குக் 'கம்ப்ரசர்' என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்த் தொழிலை வைத்து அல்ல, பேச்சை வைத்து. ஓட ஆரம்பித்தால் மூச்சு விடாமல் ஓடும், டக்கென்று நிற்கும், அப்புறம் பிடித்து உலுக்கினாலும் ஒரு வார்த்தை வராது. தானாகத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். தெருவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மனிதர்களை விசாரிப்பதற்கு முன்னால் அடுப்படிக்குள் நுழைந்து ஃப்ரிட்ஜை விசாரிப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் மெல்ல எழுந்து உள்ளே போய்க் குளிரைக் குறைத்து வைத்துவிட்டு வந்தார். மனைவி கிள்ளிய கிள்ளில் கை கன்றிப்போனது. "அது பாவம், அனத்திக்கிட்டு இருந்துச்சும்மா" என்றார். வீட்டில் யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன தின்னலாம் என்று யோசித்தால் போச்சு. "உள்ள என்ன சினிமாவா ஓடுது? மூடு, மூடு!"

இப்படிப்பட்டவரை ஒரு பாய்மரப் படகுக்குள் இறக்கிவிட்டவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "வாழ்நாள் பூரா ஒரே ரூட்டுல ஓட்டிட்டேன். இனி ரூட்டே இல்லாத எடத்துல ஓட்டணும்" என்று ஒரு பழைய படகை வாங்கினார். வருஷக்கணக்கில் தேய்த்தார், பூசினார், பாய் தைத்தார். தனியாகவே தீவுகளைச் சுற்றி வருவது அவர் ஆசை. படகு தயார், காற்றும் தயார். குறுக்கே நின்றது சர்க்கரை வியாதி. தினமும் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிறவர் அவர். அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும். படகில் இருந்ததோ வெறும் ஐஸ் பெட்டி. சமையல் மேடைக்குள் பதித்து, மேலே மூடி போட்ட பள்ளம். கட்டி ஐஸ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். அப்புறம் வெந்நீர்த் தொட்டிக்குத் தம்பி.

தங்கைக்காரி ஒரே போடாகப் போட்டார். "மருந்து கெட்டுப்போனா நடுக்கடல்ல யாரைண்ணா கூப்பிடுவே? அந்தப் பெட்டி ஃப்ரிட்ஜ் ஆகட்டும், அப்புறம் போ." உடனே கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் செய்யறீங்க. செஞ்சு முடிச்சு, சரியா இருக்குன்னு உங்க வாயால சொல்லணும். அப்புறம்தான் எங்கண்ணன் கயிறை அவுக்கலாம்."

"காத்து திரும்பறதுக்குள்ள சொல்லிடுங்க மாப்ள. விட்டா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்தை என்ன, சட்டைப்பையிலயா வச்சிருக்கேன்?" என்று மச்சான் சிரித்தார். கம்ப்ரசருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் அவருடைய ஓயாத பேச்சை முழுதாகக் கேட்கிற ஒரே ஆள் இந்த மச்சான்தான்.

கரையில் கட்டிக்கிடக்கிற படகிலேயே அவருக்குத் தலை சுற்றும். ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் ஸ்பேனர் என்றுதான் வேலை பார்த்தார். நிமிர்ந்தால் உத்தரம் இடித்தது. குனிந்தால் வயிறு புரண்டது. ஆனாலும் வேலை சுத்தம். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டாரை இருக்கைக்கு அடியில், காற்றோட்டம் பார்த்து உட்கார வைத்தார். குளிர்த் தகட்டைப் பெட்டிக்குள் பொருத்தி, செம்புக் குழாயை முறியாமல் கட்டை விரலால் நீவி நீவி வளைத்துக் கொண்டுபோனார். அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு வாந்தி வராது என்பதை மச்சான் கவனித்தார்.

பெட்டியின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஐஸ் உருகிய தண்ணீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கிப் படகின் அடிவயிற்றுக்குப் போகும். பல வருஷத்து அழுக்கில் அது பாதி தூர்ந்திருந்தது.

"இனி ஐஸே கிடையாதே, இதை அடைச்சிடலாமா?" என்றார் மச்சான்.

"ஐயையோ, தொடாதீங்க! குளிர் இருக்கற எடத்துல வேர்க்கும். வேர்வை எங்க போகும்? எந்த ஃப்ரிட்ஜை வேணா பாருங்க, தண்ணி போக ஓட்டை இருக்கும். அது அடைச்சா பெட்டி நாறிடும். நான் போற வீட்டுலயெல்லாம் முதல்ல செய்யற வேலையே அதைக் குத்திவிடறதுதான்." சொன்னதோடு நிற்கவில்லை. கம்பியை விட்டுக் குடைந்து, ஊதிப் பார்த்து, ஓட்டையைப் பளிச்சென்று திறந்தும் விட்டார்.

மோட்டார் ஓடியது. ஒரு கட்டி வெண்ணெயை உள்ளே வைத்து மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் மோட்டார் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. பேட்டரி காலி. மூடியைத் திறந்தால் வெண்ணெய் குழைந்து கிடக்கிறது. மச்சான் மேல்தளத்தில் போய் உட்கார்ந்து பாய்மரத்து உச்சியில் காற்றில் ஆடுகிற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரியை ஏற்றி மறுபடி ஓட்டினார்கள். கம்ப்ரசர் காதை வைத்தார். குறையே இல்லாத ஓட்டம். ஆனால் நிற்காத ஓட்டம். "குளிர்ந்ததும் நிக்கணும். நிக்காம ஓடினா அது வியாதி" என்று முனகினார். "உங்களுக்குச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார் மனைவி. அதற்கும் அவர் சிரிக்கவில்லை. கேஸைச் சோதித்தார். ஒயரை மாற்றினார். மூடியின் ரப்பரைப் பிரித்து ஒட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்சு கிளம்பவே இல்லை. தெரிந்த வேலையில் தோற்ற வெட்கம் ஒருபக்கம். அதைவிட, மச்சானை ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோமே என்ற வேதனைதான் அவரை அரித்தது.

கடைசியில் வழி காட்டியது உருண்டு விழுந்த ஒரு ஆணி. தரைப்பலகையின் இடுக்கில் போய் விழுந்தது. பலகையைத் தூக்கிவிட்டு, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். துழாவிய கை அப்படியே நின்றது.

"மச்சான்! இங்க வாங்க. கையை விடுங்க. என்ன தெரியுது?"

"ஜில்லுனு இருக்கு. நல்லாத்தானே இருக்கு?"

"என்ன நல்லா இருக்கு! கடலுக்கு ஏசி போட்டிருக்கோம், மச்சான்! குளிர்க்காத்து கனம். தண்ணி மாதிரி கீழே ஓடும். வீட்டு ஃப்ரிட்ஜுல அந்தக் குழாய் ஒல்லியா, வளைஞ்சு போகும். வளைவுல தண்ணி நின்னு காத்தை மறிச்சிடும். இங்க நேரா வாய்க்கால் வெட்டி விட்ட மாதிரி இருக்கு. தூர்ந்து கிடந்ததைக் குத்திவிட்ட புண்ணியவான் யாரு? நான்தான்!" தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார்.

"விடுங்க மாப்ள, ஆனைக்கும் அடி சறுக்கும்."

"ஆனையா? ஆனையாயிருந்தா படகு இந்நேரம் முழுகியிருக்கும்ண்ணா" என்று படிக்கட்டில் இருந்து மனைவியின் குரல் வந்தது.

தேங்குகிற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தக்கையைச் சீவி ஓட்டையில் அறைந்தார்கள். மூவரும் இருக்கையில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு டக்கென்று நின்றது. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் அப்போதுதான் அவர்களுக்குக் கேட்டது. மச்சான் கம்ப்ரசரின் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கிவிட்டார்.

மறுநாள் காலை வெண்ணெயில் விரல் இறங்கவில்லை. தங்கை மருந்தைக் கொண்டுவந்தார். கம்ப்ரசர் அதை ஒரு சின்னக் கூடையில் வைத்து, தகட்டுக்கு எட்டாத மூலையில் தொங்கவிட்டார். "தகட்டுல ஒட்டவே கூடாது. உறைஞ்சாலும் மருந்து குப்பைதான். சும்மாச் சும்மா திறந்து பாக்காதீங்க. ஓடும்போது பெட்டி ஏதாவது பேசினா..." என்று ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டார்.

மச்சான் பாயை அவிழ்த்துத் தயாராக வைத்திருந்தார். முதல் ஓட்டம் அடுத்த துறைமுகம் வரை. வழியில் கரை கிடையாது. தங்கை கரைப்பலகையில் நின்றுகொண்டு கணவரைப் பார்த்தார். "சொல்லுங்க. சரியா இருக்கா?"

"கட்டிப்போட்ட படகுல சரியா இருக்கு."

"அதையா கேட்டேன்? சாஞ்சு, ஆடி, குலுங்கி ஓடும்போது?"

"தெரியலைம்மா" என்றார் கம்ப்ரசர். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லை மனைவி அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. கோபப்பட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"காத்து வந்திருச்சு. இறங்குங்க மாப்ள, கயிறை அவுக்கறேன்" என்று மச்சான் முன்பக்கத்திலிருந்து கத்தினார்.

கம்ப்ரசர் ஓரத்துக்கு வந்தார். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்து, எட்டி மனைவியின் கையில் கொடுத்தார். பிறகு வெறுங்காலோடு உள்ளே இறங்கிப்போய்ப் பெட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.