டைலர் இன்பராஜும் பெங்களூர் யந்திரமும்

தங்க வயல் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் டைலர் இன்பராஜிடம் துணி கொடுத்தவர்கள் இரண்டு வகை. திட்டிக்கொண்டே வாங்கிப்போனவர்கள் ஒரு வகை, திட்டிவிட்டு வாங்காமலே போனவர்கள் இன்னொரு வகை. தையல் என்னவோ அருமையான தையல்தான். ஆனால் அவர் கை கத்தரிக்கோலைவிட அதிகமாகப் பிடித்தது பொத்தான்களை.

தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த ஜப்பான்காரர் ஒருவர் பேன்ட் தைக்க வந்தபோது ஒட்டவைத்துவிட்டுப் போன வியாதி அது. 'கோ' என்று பெயர். கட்டம் போட்ட பலகையில் ஒருவர் கறுப்புக் காய் வைப்பார், மற்றவர் வெள்ளை. எதிரியின் காயைச் சுற்றி வளைத்தால் அது நமக்கு; கடைசியில் யாரிடம் இடம் அதிகமோ அவருக்கு ஜெயம். ஜப்பான்காரர் போன பிறகு, பேன்ட் பொத்தான் கறுப்புக் காயாகவும் சட்டைப் பொத்தான் வெள்ளைக் காயாகவும் மாறின. கடைக்கு யார் வந்தாலும் அளவு எடுக்கும் முன் ஓர் ஆட்டம். ஜெயிப்பவர் எப்போதும் இன்பராஜ்தான்.

கல்யாணக் கோட் தைத்து முடியாததால், துணி கொடுத்திருந்த மாப்பிள்ளை ஏனோக் இரவல் கோட்டில் போய்த் தாலி கட்டிய அன்று, இன்பராஜின் மனைவி பியாட்ரிஸுக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த வாரமே கோதண்டராமன் என்ற இளைஞர் இன்பராஜின் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார். பெங்களூரில் தம்முடைய கம்ப்யூட்டருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். மோதிப்பார்க்க ஒரு நல்ல ஆட்டக்காரர் வேண்டுமாம்.

"ஒரு செகண்டுல ஆயிரம் கணக்கு போடும் சார்."

இன்பராஜ் வாயைத் திறப்பதற்குள் பியாட்ரிஸ் முந்திக்கொண்டாள்.

"போய் ஆடுங்க. தோத்தீங்கன்னா பொத்தானெல்லாம் சட்டைக்குப் போயிடணும். பலகைய அடுப்புல வெச்சிடுவேன். இன்னா, சம்மதமா?"

இன்பராஜ் ரோஷக்காரர். பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். சாட்சிக்கு அவளும் ரயிலேறினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிர் அறை. பீரோ பீரோவாக யந்திரம் நின்றது. இன்பராஜ் பொத்தான் வைத்த இடத்தைக் கோதண்டராமன் டைப் அடிப்பார். யந்திரம் கடகடவென்று பதில் அடிக்கும். அது சொன்ன இடத்தில் கோதண்டராமனே வெள்ளைப் பொத்தானை வைப்பார்.

நடுப் பலகையில் சண்டை சூடுபிடித்திருக்கும்போது அது சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் வைத்தது. இன்பராஜ் வெலவெலத்துப்போனார். அவர் தங்க வயலில் பிறந்தவர். பூமிக்கடியில் எங்கோ பாறை முறிந்து தரை அதிர்ந்தால் ஊரே வாசலுக்கு ஓடிவரும். எதுவும் சும்மா அதிராது என்பது அங்கே தாய்ப்பாலோடு ஏறிய புத்தி. ஆயிரம் கணக்கு போடுகிற யந்திரம் சும்மாவா வைக்கும்? அந்த மூலைக்குக் காவல் வைத்தார். அது வேறு மூலைக்குப் போனது. அங்கேயும் ஓடி, தேவைக்கு மேல் பொத்தான்களை அடுக்கினார். இதற்குள் நடுப் பலகையில் அவருடைய கறுப்புப் பொத்தான்கள் முக்கால்வாசி வளைபட்டுவிட்டன.

பியாட்ரிஸ் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இத்தனை வருஷ வேண்டுதல் பலித்துவிடும். இன்பராஜ் மறுபடியும் ஒரு மூலையை நோக்கிக் கையை நீட்டினார்.

"இன்னாங்க பண்றீங்க?" என்றாள் பியாட்ரிஸ். "அது யோசிச்சா வெக்கிது? நீங்கதான் அதுக்கும் சேத்து யோசிக்கிறீங்க!"

"அம்மா, பேசக்கூடாது" என்றார் கோதண்டராமன்.

பேச வேண்டியதைப் பேசியாகிவிட்டது. இன்பராஜ் யந்திரத்தை மறந்து பொத்தான்களை மட்டும் பார்த்தார். மூலையில் ஒன்றுமே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் ஒரு பொத்தானை வைத்தார். யந்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு மூலைக்குப் போனது. அப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பாவம். வளைக்க வந்த வெள்ளைப் பொத்தான்களே வளைபட்டு, கொத்துக் கொத்தாக அவர் கைக்கு வந்தன. கோதண்டராமன் முகம் சுளிக்காமல் இருவருக்கும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது இன்பராஜால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ சும்மா இருந்திருந்தா இன்னியோட இந்த ஆட்டம் ஒழிஞ்சிருக்கும். ஏன் சொன்ன?"

பியாட்ரிஸ் நடையை எட்டிப்போட்டாள். கோபமாகத்தான் நடந்தாள்.

"உங்கள தோக்கடிக்க நான் ஒருத்தி இருக்கேன்" என்றாள். "அந்தப் பொட்டி யாருங்க அதுக்கு?"