பற்றிக்குக்கு ஓர் அர்ச்சனை

இல்ஃபோர்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஐரிஷ் அன்ரிக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு விசர் பிடித்தது. அவருடைய பூட்டனாரின் தம்பி, பற்றிக் என்பவர், அயர்லாந்தில் ஆடு திருடிப் பிடிபட்டு, கைதிக் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்டவராம். அந்த மனிதருக்குப் பிறகு என்ன நடந்தது என்று அன்ரி நூலகத்துக் கணினியில் தேடிக்கொண்டே இருந்தார். கண்டுபிடித்ததை எல்லாம் எங்கள் குசினிக்கு வந்துதான் சொல்வார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒன்பது வயதில் நான்தான் மொழிபெயர்ப்பாளர், கூலி இரண்டு உளுந்து வடை.

அம்மா வேறு யார் கதையையும் இப்படி வாய் பார்த்துக் கேட்டதில்லை. அவருடைய தம்பி, என் சின்ன மாமா, ஊரில் சண்டை முடிந்த பிறகு அதே அவுஸ்திரேலியாவுக்குத்தான் படகு ஏறினார். படகும் போய்ச் சேரவில்லை, சேதியும் வரவில்லை. மாமாவுக்கு அங்கிருந்து போன் எடுக்க ஏலாது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். திவசம் செய்வோமா என்று அப்பா ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டு, ஒரு கிழமை தானே சமைத்துச் சாப்பிட்டார்.

"ஒரு ஆட்டுக்காகவோ? விளையாட்டுக்கோ எடுத்தவர்? பசியாக்கும்" என்று அம்மா முதல் நாளே பற்றிக்கை விடுதலை செய்துவிட்டார். "கப்பலிலை குடிக்கத் தண்ணி குடுத்தவையோ, கேள் பிள்ளை." கொடுத்தார்களாம். "கப்பல் ஆட்டத்திலை சத்தி எடுத்தவரோ?" அது தெரியாதாம். கப்பல் சிட்னியில் கரை சேர்ந்தது என்று அன்ரி சொன்ன அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

ஒரு சனிக்கிழமை அன்ரி அழுதுகொண்டு வந்தார். தண்டனை முடிந்து பற்றிக்கை வெளியே விட்டது வரைக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கல்யாணமும் இல்லை, கல்லறையும் இல்லை. இவ்வளவு தூரம் பின்னால் போய்க் கடைசியில் ஆளைத் தொலைத்துவிட்டேன் என்றார்.

"செத்ததெண்டு எங்கையும் இல்லையோ?" என்று கேட்டார் அம்மா.

"இல்லையாம் அம்மா."

"அப்ப ஏன் அழுறா? வெளிக்கிடச் சொல்லு, கோயிலுக்குப் போவம்."

கோயிலில் அம்மா இரண்டு அர்ச்சனை ரிக்கற் எடுத்தார். மாமாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்தது பற்றிக். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார்.

"தெரியாது ஐயா. ஆள் தூரத்திலை. நல்லாயிருக்கோணும் எண்டு செய்யுங்கோ."

ஐயர் மறுபேச்சில்லாமல் பற்றிக்கின் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரையும் அப்போது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஆனாலும் அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடிப்போய், பற்றிக்குக்கு இப்போது இருநூறு வயதாவது இருக்கும், அம்மாவுக்குக் கணக்கே வராது என்று சொல்லிச் சிரித்தேன். அப்பா கணக்காளராக வேலை பார்த்தவர். சேர்ந்து சிரிப்பார் என்று பார்த்தேன். அவரோ அம்மாவிடம் போய்த் திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டார். அப்பாவுக்குமா இந்தக் கணக்கு பிழைக்கிறது என்று எனக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது.