நேர்த்தியும் ஒரு பெருவிரலும்

தாய்லாந்தைப் பற்றித் தாய்லாந்துக்காரருக்கே வகுப்பெடுக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஸ்காபரோவில், எங்கள் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறார். பெயர் சச்சிதானந்தன். அந்த நாட்டில் அவர் ஒழுங்காகப் பார்த்தது ஒரு மலையையும் சில வயல்களையும் மட்டுந்தான். அதனால் என்ன? மற்றவர்கள் அதையும் பார்க்கவில்லையே.

சச்சி அண்ணைக்கு முப்பத்துநாலு வயது. ஒஷாவாவில் கார்க் கதவுகளுக்கு றப்பர் ஒட்டுகிற வேலை. கோபம் வராது; வரவேண்டிய இடத்திலும் வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படவேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டதால் எனக்கு அதற்கு நேரமும் உண்டு.

தொண்ணூறாம் ஆண்டு, கனடாவுக்கு வரும் வழியில், ஏஜென்சிக்காரன் அவரைப் பாங்கொக்கில் ஓர் அறையில் ஒளித்து வைத்திருந்தான். காய்ச்சல் கடுமையானதும், செத்துக்கித்துப் போனால் தொல்லை என்று தன் சாரதியின் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வீடு புரிராம் மாகாணத்தில், வயலுக்கு நடுவே. சாரதியின் தாய்க்கு இவர் பேசிய ஒரு சொல்லும் விளங்காது. கஞ்சி கொடுத்தார். இவர் திருநீறு பூசுவதைக் கவனித்துவிட்டு, எழும்பி நடக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்து மலையுச்சியில் இருந்த பழைய கற்கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஐயரும் இல்லை, மணியும் இல்லை. நந்தி படுத்திருந்தது. அதற்கு நேரே உள்ளே சிவலிங்கம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகு அன்றைக்குத்தான் அண்ணை அழுதாராம். கனடா போய்ச் சேர்ந்தால் திரும்பி வந்து பொங்கிப் படைக்கிறேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டார்.

தொண்ணூற்றாறில் குடியுரிமை கிடைத்தது. கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் லண்டன் இல்லை, பாரிஸ் இல்லை, நேரே புரிராம். கோயில் காவலாளி உள்ளே அடுப்பு மூட்ட விடவில்லை. அந்த அம்மாவின் முற்றத்தில் பொங்கி, சட்டியோடு மலையேறி, கும்பிட்டுவிட்டு, காவலாளிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில், பக்கத்து மார்க்கம் நகரில் அவருக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் யோகராணி. ஒரு தரம் சந்தித்துக் கதைத்ததிலேயே அண்ணை றப்பர் ஒட்டப் போகும் சேட்டுக்கும் அயர்ன் போடத் தொடங்கியிருந்தார். பெண்ணின் தகப்பன் இராஜரட்ணம் அங்கிள் பயணப் படங்களைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஒரு படத்தில் அண்ணை நந்திக்குப் பக்கத்தில் நிற்கிறார். படத்தின் மூலையை மறைத்தபடி ஒரு பெருவிரல். நகத்தில் நல்ல சிவப்புப் பூச்சு.

“உந்த விரல் ஆற்றை, தம்பி?”

“படம் எடுத்த அம்மாவின்ரை.”

“அம்மா எண்டுறீர். அம்மாமார் உப்பிடிச் சிவப்பு அடிக்கிறவையோ?”

அந்த அம்மாவின் மகள் சந்தையில் நகப்பூச்சு விற்கிறவள். விற்காமல் மிஞ்சுவதெல்லாம் தாயின் விரலுக்குத்தான். அண்ணை அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே பொய் மாதிரிக் கேட்டிருக்கும். கடைசியில் நேர்த்தியையும் சொன்னார்.

“நேர்த்தியெண்டால் றிச்மண்ட் ஹில்லில பிள்ளையார் இருக்கிறார்தானே. தேப்பனுக்கு நேர்ந்ததை மகனிட்டக் குடுத்தால் வாங்கமாட்டாரோ?”

“நேர்ந்தது அங்கை, அங்கிள். அங்கைதான் குடுக்கவேணும்.”

அங்கிள் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார். அடுத்த கிழமை பலசரக்குக் கடையில் சாமான் வாங்கப் போன என் அம்மாவிடமே கேட்டார்கள், தனியத் தாய்லாந்து போன ஆள் உங்கள் வீட்டிலா இருக்கிறார் என்று. எனக்குத் தலைக்கு ஏறியது. கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் பாங்கொக்கில் ஒளித்திருந்து வந்தவர்கள். இராஜரட்ணம் அங்கிளும் அந்த வழிதான். அந்த நாட்டுச் சோற்றைத் தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு, சோறு போட்டவரைப் பார்க்க ஒருவன் திரும்பிப் போவான் என்பது மட்டும் நம்பமுடியாத கதையாம். நீங்கள் ஒருவரும் போகவில்லை என்பதற்காக, போனவன் கெட்டவனா? அண்ணை கசங்கிய சேட்டோடு வேலைக்குப் போய்வந்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். தென்கிழக்காசியச் சிவாலயங்களில் கரைகண்ட ஒரு பேராசிரியர் இராஜரட்ணம் அங்கிளைத் தொலைபேசியில் அழைத்தாராம். அந்தக் கோயிலில் நேர்ந்தால் அங்கேதான் கழிக்கவேண்டும், தவறினால் பெண்வீட்டாரையும் தோஷம் பிடிக்கும் என்று கடுமையாகச் சொன்னாராம். விரலுக்குரியவருக்கு அறுபத்தைந்து வயது என்பதும் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. கல்விமான்கள் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை மேலே வந்தார். நான் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். இராஜரட்ணம் அங்கிள் கூப்பிட்டதாகச் சொன்னார். ஆரும் பார்க்காத இடத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினவரைத்தான் கட்டுவேன் என்று யோகராணி தகப்பனிடம் சொல்லிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை இரண்டு பகுதியும் கோயிலில் சந்திக்கவேண்டுமாம்.

நான் அந்தப் பேராசிரியரைக் கொஞ்சம் புகழ்ந்தேன்.

“அங்கிள் போனுக்குப் புதுசா ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார், சுலக்சன். ஆர் கூப்பிட்டாலும் அதில நம்பர் விழும். விழுந்தது எங்கட வீட்டு நம்பர்.”

அம்மா கதைத்திருப்பா என்றேன்.

“அம்மாவோ. சரி.” அண்ணை பக்கத்தில் இருந்து ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். “அப்ப அம்மா ஏன் கடைசியில, ‘அவர் பாவம், அங்கிள்’ எண்டு அழுதவ?”